கைக்கெட்டாத முதுகு

தவமலருக்கு முதுகு சொறிய வேணுமென்றால் அந்த வீட்டில் இரண்டு வழி இருந்தது. ஒன்று தோசைக்கரண்டியின் காம்பு. மற்றது குசினிக் கதவின் நிலை. நிலையில் முதுகைச் சாய்த்து மேலும் கீழும் இழுத்தால் கொஞ்சம் சுகம் வரும், பிறகு எரியும், பிறகு ரத்தம் கசிந்து சட்டையில் ஒட்டும். புருஷன் என்று ஒரு ஆளும் அதே வீட்டில் இருந்தார்தான். ஆனால் நவரத்தினத்தின் கை தன் முதுகில் கடைசியாக எப்போது பட்டது என்று கேட்டால் தவமலருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. மகள் மிதுனா கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போகுமுன்னமே நின்றுபோன சங்கதி அது.

சும்மா சொல்லக்கூடாது, நவரத்தினம் கூடாத மனுஷன் இல்லை. வெள்ளவத்தையில், காலி வீதி என்கிற பெருந்தெருவில் ஒரு புடவைக்கடையில் நின்று நாள் முழுக்கச் சேலை விரித்துக் காட்டுகிற வேலை. குடிக்கிறதில்லை, சண்டை சச்சரவில்லை. வேலை முடிந்து வரும்போது பாணும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வருவார். வந்து குளித்துவிட்டு, வெறும் மேலோடு சாரத்தைக் கட்டிக்கொண்டு ரீ.வி.க்கு முன்னால் இருப்பார். அவ்வளவுதான் ஆள்.

பிழையைத் தொடக்கியது தவமலர்தான். முதலில் முழங்கையில் ஒரு வட்டம், முழங்காலில் ஒன்று. 'சொறி' என்று நினைத்தாள். பிறகு அது முதுகெல்லாம் பரவி, தடித்து, வெள்ளைச் செதிலாக உதிரத் தொடங்கியது. விடிய எழும்பினால் படுக்கைவிரிப்பில் உழுத்தம்மா கொட்டினது போலக் கிடக்கும். அவர் கண் திறக்க முதல் எழும்பிக் கூட்டித் தட்டிவிடுவாள். ஒரு நாள் அவர் முந்திக்கொண்டார். எழும்பி, சாரத்தைத் தட்டினார், தலையணையைத் தட்டினார், ஒரு சொல்லும் சொல்லாமல் முகம் கழுவப் போனார். அந்தத் தட்டல் இருக்கிறதே, அது தவமலரின் நெஞ்சில் விழுந்தது. அன்றைக்குப் பின்னேரம் சொன்னாள்:

"இஞ்சருங்கோ, இந்த அறைக்குள்ள ஒரே புழுக்கம். நீங்கள் வேணுமெண்டா ஹோலுக்க படுங்கோவன்."

'இல்லையப்பா, நான் இஞ்சயே படுக்கிறன்' என்பார் என்று நினைத்துத்தான் சொன்னாள். மனுஷன் தலையணையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போனவர் போனவர்தான்.

அதோடு நின்றதா? தவமலர் வீட்டில் மிளகாய்த்தூள் இடித்து விற்றவள். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து, மில்லில் குடுத்துத் திரித்து, சூடு ஆற விட்டு, அரித்து எடுத்தாளென்றால் வாசம் மூன்றாம் மாடிக்குப் போகும். லண்டனுக்கு, பாரிசுக்குப் போகிற சனம் அவளிடம்தான் வாங்கும். இந்தத் தோல் வருத்தம் உள்ளங்கைக்கும் வந்து வெடித்த பிறகு ஒவ்வொருத்தராகக் கழன்றார்கள். "அக்கா, இந்தமுறை அம்மா யாழ்ப்பாணத்தில இருந்து குடுத்துவிட்டிட்டா" என்றாள் ஒருத்தி. பிறகு பார்த்தால் எல்லாருடைய அம்மாமாரும் ஒரே மாசத்தில் தூள் இடித்து அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்! தவமலருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கோயிலுக்குப் போனால் ஐயர் திருநீற்றை ஒரு சாண் உயரத்தில் இருந்து கையில் போடுவார். போட்டது பாதி நிலத்தில் விழும். அதற்குப் பிறகு கோயிலுக்கும் போகிறதில்லை.

தொற்றுகிற வருத்தம் இல்லை இது என்று தெஹிவளைக் கிளினிக்கில் இருக்கிற பெண் டொக்டர் நூறு தரம் சொல்லிவிட்டாள். யாரிடம் போய்ச் சொல்லுகிறது? ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்ல ஏலுமா?

அந்த டொக்டர்தான் ஒரு நாள் சொன்னாள்: "அன்ரி, கிறீம் மட்டும் பூசிக் காணாது. லைற் குடுத்துப் பாப்பம்."

"லைற்றோ? கரண்டோ பிள்ளை?"

"கரண்டு இல்லை அன்ரி. வெயிலுக்குள்ள இருக்கிற ஒரு கதிர், அதை மட்டும் பிரிச்செடுத்து உடம்பில படவிடுறது. கிழமைக்கு மூண்டு தரம் வரவேணும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டுவம். உடனே மாறாது, ஆனா மாறும்."

இப்படித்தான் தவமலர் கோச்சி ஏறத் தொடங்கினாள். வெள்ளவத்தை ஸ்டேஷனில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் தெஹிவளை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வீடுகளின் பின்புறம், உலர்த்தின உடுப்பு. சோளகக் காற்று அடிக்கிற காலம். உப்புத்தண்ணி முகத்தில் தெறிக்கும். நீட்டுக் கைச்சட்டை போட்டு, பக்கத்துச் சீற்றில் ஆள் இருந்தால் எழும்பிக் கதவடியில் போய் நிற்பாள். யாரும் எழும்பச் சொல்லவில்லை. அவர்கள் எழும்பிப் போகிறதைப் பார்க்கிறதை விட, தான் எழும்புகிறது மேல் என்று அவளுக்குப் பட்டது.

கிளினிக்கில் குசும் என்று ஒரு சிங்கள நேர்ஸ். அலுமாரி மாதிரி ஒரு பெட்டி, உள்ளே நாலு பக்கமும் நீட்டு நீட்டாக ரியூப் லைற். உடுப்பைக் கழற்றி, கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய் நிற்க வேணும். கதவைச் சாத்த முதல் குசும் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி கேட்பாள்.

"அம்மா, ஒடம்புல ஒண்ணும் பூசல்லதானே? ஓயில், கிரீம், பவுடர்?"

"இல்லை மிஸ்."

"வேற மருந்து ஒண்ணும் குடிக்கல்லதானே?"

"இல்லை."

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லுவாள். "கண்ணு மூடுங்க."

'டப்' என்று ஊதா வெளிச்சம். விசிறி இரையும். மெல்ல ஒரு சூடு முதுகில், தோளில், பிடரியில் வந்து படியும். முதல் நாள் அந்தப் பெட்டிக்குள் நின்று தவமலர் விக்கி விக்கி அழுதாள். பயத்தில் இல்லை. எத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒன்று அருவருக்காமல் தன் முதுகைத் தொடுகிறது என்று நினைத்தாள், அழுகை வந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணீர் தேங்கி நின்றது. குசும் கதவைத் திறந்து, "அனே அம்மே! சுட்டதா?" என்று பதறினாள்.

"இல்லை மிஸ். சும்மா" என்றாள் தவமலர்.

முழங்கைச் செதில் மெலியத் தொடங்கியது. உள்ளங்கை வெடிப்பு மூடியது. முதுகுதான் பிடிவாதம் பிடித்தது. வீட்டில் நவரத்தினம் கேட்பார், "எப்பிடி, குணம் காட்டுதோ?" என்று. "கொஞ்சம் காட்டுது" என்பாள். எழும்பி வந்து பார்ப்பாரோ என்று ஒரு ஆசை. மனுஷன் ரீ.வி.யின் சத்தத்தைக் கூட்டுவார்.

ஆனால் அவருக்கும் உள்ளுக்குள் ஏதோ அரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு செத்தவீட்டுக்குப் போனவர், திரும்புகிற வழியில் சுப்புராமன் என்கிற நாட்டுமருந்துக் கடைக்காரரிடம் போயிருக்கிறார். இந்தியாப் பக்கத்து மனுஷன், தகப்பன் காலத்திலிருந்து கடை வைத்திருப்பவர்.

"சார், இது காளாஞ்சகப்படைங்க" என்றாராம் சுப்புராமன், விவரத்தைக் கேட்டுவிட்டு. "கார்போகரிசிய இடிச்சு நல்லெண்ணெயில காய்ச்சித் தர்றேன். ராத்திரி சூடு பறக்கத் தேய்ச்சு விடுங்க. வேற வைத்தியம் எதுவும் நடக்குதுங்களா?"

"சீச்சீ, ஒண்டும் இல்லை" என்றாராம் நவரத்தினம்.

ஏன் அப்படிச் சொன்னார்? எங்கட சனத்தின் வழக்கம் அது. நாட்டு வைத்தியனுக்கு முன்னால் இங்கிலீஸ் மருந்தைப் பற்றிக் கதைத்தால் அவனுக்கு மரியாதைக் குறைவு. டொக்டருக்கு முன்னால் நாட்டு மருந்தைப் பற்றிக் கதைத்தால் எங்களுக்கு மரியாதைக் குறைவு. இரண்டு பேரையும் கோபிக்கவிடாமல் இரண்டு பேருக்கும் ஒளிப்போம்!

அன்று பின்னேரம் தவமலர் குசினியில் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். நவரத்தினம் ஒரு போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நிற்கிற நிலையைப் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் பிழை செய்த பெடியன் மாதிரி.

"இஞ்ச பாரும் தவம். ஒரு எண்ணெய் கொண்டந்தனான்."

"வைச்சிட்டுப் போங்கோ. நான் பூசிறன்."

"முதுகுக்கு எப்பிடிப் பூசுவீர்?"

"எப்பிடியும் பூசுவன். இவ்வளவு காலமும் ஆர் பூசினது?"

நவரத்தினம் போத்தலை மறுகைக்கு மாற்றினார். பிறகு தொண்டையைச் செருமினார். "நான் பூசி விடுறன். இப்பிடி இரும்."

மாக் கை அப்படியே சட்டிக்குள் நின்றுவிட்டது. "உங்களுக்கு அருவருப்பா இருக்கும்" என்றாள். அந்தச் சொல்லை இத்தனை வருஷமாக வாய்க்குள் வைத்திருந்தவள், இப்போதுதான் வெளியே விட்டாள்.

"ஆர் சொன்னது அருவருப்பெண்டு? நான் எப்பவாவது சொன்னனானோ?"

"சொல்லயில்லை. தலையணையைத் தூக்கிக்கொண்டு போனியள்."

"நீர்தானே போகச் சொன்னனீர்!"

"சொன்னா உடன போறதோ?"

அந்த மனுஷன் ஸ்டூலை இழுத்துப் போட்டார். தவமலர் கையைக் கழுவிவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி, சேலைத்தலைப்பை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு அவருக்கு முதுகைக் காட்டி இருந்தாள். எண்ணெயைச் சிரட்டையில் ஊற்றி அடுப்பில் காட்டிச் சூடாக்கினார். பிறகு அவருடைய கை வந்தது.

முதலில் நுனிவிரல்தான். பட்டதும் அவள் விலகினாள்; அவரும் கையை எடுத்தார். "நோகுதோ?" "இல்லை, பூசுங்கோ." பிறகு முழு உள்ளங்கை. பட்டுச் சேலையை விரித்து மடித்துப் பழகின கை, மெதுவான கை. செதிலின் மேல் தடவி, தோளெலும்பைச் சுற்றி, நடு முதுகில் அவளுக்கு ஒருநாளும் எட்டாத இடத்துக்குப் போனது. எள்ளெண்ணெய் மணத்தோடு ஒரு கசப்பு மணமும் வந்தது. புட்டுமா காய்ந்துகொண்டிருந்தது. கிடக்கட்டும் என்று விட்டாள்.

"உவள் மிதுனா பிறந்த நேரம்..." என்று தொடங்கினார் நவரத்தினம்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. அப்பவும் இப்பிடித்தான் எண்ணெய் பூசினது. நாரி, இடுப்பெல்லாம் நோகுது எண்டு நீர் கத்தினீர்."

"நான் கத்தயில்லை."

"கத்தினீர். கீழ் வீட்டுக்காரர் மேல வந்தவை."

தவமலர் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்துக் கனகாலம். அன்றைக்குப் புட்டு கொஞ்சம் கட்டியாகத்தான் வந்தது, இரண்டு பேரும் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

விடியக் கிளினிக். குளிக்கப் போனவள் முதுகுக்குத் தண்ணி மட்டும் ஊற்றினாள். சவுக்காரம் போட மனம் வரவில்லை. அந்தக் கை பட்ட இடத்தைத் தேய்த்துக் கழுவுகிறதா? அதற்கு மேல் தடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு கோச்சி ஏறினாள்.

"அம்மா, ஒண்ணும் பூசல்லதானே?"

ஒரு கணம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் நிற்பாட்டு என்பாள். நிற்பாட்டினால் அவர் திரும்ப ஹோலுக்குள் போய் ரீ.வி.க்கு முன்னால் இருந்துவிடுவார்.

"இல்லை மிஸ்."

"ஹரி. கண்ணு மூடுங்க."

அன்று பின்னேரமே முதுகு கணகணத்தது. காய்ச்சல்காரியின் முதுகு மாதிரி. நவரத்தினம் வேலையால் வந்து, குளித்து, ரீ.வி.யைப் போடாமல் நேரே போத்தலை எடுத்துக்கொண்டு வந்தார். வெளிச்சத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்து, "தவம், சிவந்து கிடக்கு" என்றார்.

"மருந்து வேலை செய்யுது எண்டு அர்த்தம்."

"எரியுதோ?"

"இல்லையெண்டு சொல்லுறன். பூசுங்கோவன்."

எரியவில்லையா? மிளகாய் அரைத்துத் தடவினது போல எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கை படுகிற சுகமும் எரிவும் ஒன்றாக வந்தன. இரண்டில் எது வேணும் என்று கேட்டால் இரண்டும் வேணும் என்றுதான் சொல்லியிருப்பாள். விசர்தான், பைத்தியம்தான். தனிமையில் கிடந்த மனுஷிக்கு வருகிற விசர்.

அடுத்த நாள் முதுகெல்லாம் கொப்புளம். சட்டை போட ஏலாது, சாய ஏலாது. கட்டிலில் குப்புறக் கிடந்து முனகினவளைப் பார்த்து நவரத்தினத்துக்குக் கை கால் ஓடவில்லை. கடைக்கு ரெலிபோன் பண்ணி லீவு சொல்லிவிட்டு, ஓட்டோ பிடித்துத் தெஹிவளைக்குக் கொண்டு போனார். மெல்லிய சீத்தைத் துணி ஒன்றை முதுகில் போர்த்தி, குனிந்தபடியே வந்தாள்.

டொக்டர் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "அன்ரி, என்ன பூசினீங்கள்?"

"ஒண்டும் பூசயில்லை பிள்ளை."

"லைற்றால மட்டும் இப்பிடி வராது. நாங்கள் குடுத்தது சின்ன அளவு. வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"தேங்காயெண்ணெய் ஏதும்... எனக்கு ஞாபகம் இல்லை."

வாசலடியில் நின்ற நவரத்தினம் உள்ளே வந்தார். பையில் இருந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். "இவ பொய் சொல்லுறா, டொக்டர். நான்தான் பூசினனான். கார்போகரிசி எண்ணெய்."

தவமலர் கண்ணை இறுக்கி மூடினாள். கொப்புளம் நொந்ததை விட அந்தப் போத்தல் மேசையில் பட்ட சத்தம் நொந்தது.

"ஐயா, கார்போகரிசி பிழையான சாமான் இல்லை" என்றாள் டொக்டர். "அதைப் பூசினால் தோல் அந்த லைற்றின்ர கதிரை மடங்கு மடங்கா இழுக்கும். அந்தக் காலத்தில அதைப் பூசிப்போட்டுக் கொஞ்ச நேரம் இளவெயில்ல இருத்திறது. அதைப் பூசின முதுகை இந்தப் பெட்டிக்குள்ள விட்டால் வெந்துபோகும். ரெண்டும் மருந்துதான். ஒண்டுக்கு மற்றதைச் சொல்லாமல் விட்டதுதான் பிழை."

"அப்ப நான்தான் சுட்டனான்" என்றார் நவரத்தினம்.

"அப்பிடி இல்லை ஐயா..."

"என்ர கையாலதானே."

பிறகு நடந்ததையெல்லாம் குறை சொல்ல ஏலாது. அவரைப் போல ஒரு தாதி கிடைக்காது. விடிய எழும்பிக் கஞ்சி காய்ச்சினார். பால் சொதி வைத்தார். உப்புக் கூடிவிட்டதென்று தண்ணி விட்டு, தண்ணி கூடிவிட்டதென்று உப்புப் போட்டார். அவளுடைய உடுப்பைத் தோய்த்தார், வீடு கூட்டினார். புண்ணுக்கு மருந்து போட மட்டும் பக்கத்து வீட்டு நிருஷாவைக் கூப்பிட்டார். அந்தப் பெட்டை தாதிப் பயிற்சிக்குப் படிக்கிறவள். கையுறை போட்டு, அலுங்காமல் செய்தாள். சாப்பாட்டுத் தட்டைக்கூட நவரத்தினம் மனுஷியின் கையில் குடுக்க மாட்டார், மேசையில் வைத்துவிட்டு விலகி நிற்பார். தவமலர் பார்த்துக்கொண்டே இருந்தாள். பயந்துபோனார், புண் ஆறினால் சரியாகிவிடும் என்று மனதைத் தேற்றினாள்.

புண் ஆறியது. டொக்டர் சின்ன அளவில் இருந்து திரும்பத் தொடங்கினாள். இந்தமுறை தவமலர் ஒன்றையும் ஒளிக்கவில்லை; தலைக்கு வைத்த எண்ணெயைக்கூடக் குசுமிடம் சொன்னாள். சோளகம் போய், மாரி மழை வந்து, அதுவும் ஓய்கிற காலத்தில் ஒரு நாள் குசும் பெட்டிக் கதவைத் திறந்து, முதுகைப் பார்த்துவிட்டுக் கை தட்டினாள். பெரிய கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, பின்னால் இன்னொரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள். வட்டங்கள் இருந்த இடமெல்லாம் லேசான நிறம் மட்டும். செதில் ஒன்றும் இல்லை.

"திரும்பவும் வரும் சில நேரம், அதுக்குப் பயப்பட வேணாம்" என்றாள் குசும். "ஆனா இப்ப ஷோக்! வீட்டுல ஐயாவுக்குக் காட்டுங்க."

கோச்சியில் அன்றைக்கு தவமலர் ஒரு மனுஷிக்குப் பக்கத்தில் இருந்தே வந்தாள்.

அன்று பௌர்ணமி, நோன்மதி லீவு நாள்; கிளினிக் திறந்திருந்தது, புடவைக்கடை பூட்டு. நவரத்தினம் வீட்டில், வெறும் மேலோடு, ஹோல் கதிரையில் இருந்தார். தவமலர் கதவைச் சாத்தினாள். கைப்பையைக்கூட வைக்கவில்லை.

"மாறீட்டுது" என்றாள். "பாருங்கோ."

சட்டையை விலக்கி முதுகைக் காட்டினாள்.

"ஐயோ தவம்" என்றார் அவர். "ஒரு வடுகூட இல்லையே. முருகா..."

"தொட்டுப் பாருங்கோ."

கை வரவில்லை.

"தொட்டுப் பாருங்கோ எண்டுறன். பட்டு மாதிரிக் கிடக்காம். குசும் மிஸ் சொன்னவ."

திரும்பினாள். நவரத்தினம் தன் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேல் இருந்தார். கண்ணால் தண்ணி ஓடியது.

"நேர்த்தி வைச்சனான்" என்றார். "நீர் குப்புறக் கிடந்து முனகின அண்டைக்குப் பின்னேரம். கோயில்ல போய். 'முருகா, இவளுக்கு வடு இல்லாமல் மாற்றித் தா. இனி என்ர கை இவளில படாது' எண்டு கற்பூரம் கொளுத்திச் சொன்னனான்."

தவமலருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆரைக் கேட்டு வைச்சனீங்கள்? ஆரின்ர முதுகெண்டு வைச்சனீங்கள்? மொட்டை அடிக்கிறன் எண்டு சொல்லியிருக்கலாம். காவடி எடுக்கிறன் எண்டு சொல்லியிருக்கலாம். முருகனுக்குக் குடுக்க உங்களிட்ட வேற சாமான் இல்லையே!"

"இருக்கிறதுக்குள்ள பெரிசைத்தானே குடுக்கவேணும்" என்றார் நவரத்தினம். "மயிரைக் குடுத்து உம்மட உயிரைக் கேக்க எனக்கு மனம் வரயில்லை. எனக்குப் பெரிசாய்ப் பட்டது அதுதான். எண்ணெய் பூசின அந்த ரெண்டு பின்னேரமும்தான்."

இத்தனை வருஷமும் இதில் ஒரு சொல்லை இந்த மனுஷன் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லவில்லையே. இவளும் கேட்கவில்லையே. இப்போது சொல்லுகிறார், கையைக் கட்டிப்போட்ட பிறகு. அவளுக்குக் கத்தவேணும் போல இருந்தது. நின்றபடியே அழுதாள். அவர் எழும்பி வந்து தேற்றவில்லை. தேற்ற ஏலாது. நேர்த்தி.

அழுது முடித்து, சட்டையைச் சரி செய்து, முகத்தைத் துடைத்தாள்.

"நேர்த்தி உங்கட கைக்குத்தானே?" என்றாள்.

"ஓம்."

"என்ர கைக்கு ஒண்டும் சொல்லயில்லையே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். தவமலர் கதிரைக்குப் பின்னால் போனாள். நரைமயிர் ஓடின, மெலிந்துபோன அந்த முதுகில் தன் உள்ளங்கையை வைத்தாள். நவரத்தினம் திடுக்கிட்டு விலகப் பார்த்தார், அவள் விடவில்லை. அவருடைய மேல் முழுக்கக் குளிர் காய்ச்சல் வந்தது போல நடுங்கத் தொடங்கியது. அந்த நடுக்கம் கையில் ஏறியபோதுதான் அவளுக்கு உறைத்தது: இத்தனை வருஷமாக இந்த மனுஷனையும் ஒருத்தரும் தொடவில்லை.

"இவ்வளவு காலமும் ஏனப்பா சொல்லயில்லை?" என்று கேட்டாள்.

அவருடைய இரண்டு கைகளும் தொடைக்குக் கீழேயே இருந்தன. அவள் கையை எடுக்காமல் நின்றாள்.